சாலிஹோத்ரன் என்று பேர் வைத்தோம்

நான்கு வயது நிறையப் போகிறது, என் பிள்ளை வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பசித்தால் என் புடவைத் தலைப்பை இழுப்பான். தாகமெடுத்தால் கூஜாவைக் காட்டுவான். அழுகை உண்டு, சிரிப்பு உண்டு, பேச்சு மட்டும் இல்லை. அந்தக் கஷ்டத்தில் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் அடியேனுக்குச் செய்த அனுக்கிரகத்தை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் அகத்துக்காரர் கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்கிறவர். 1966-ல் தை அமாவாசையன்று, வீதி கொள்ளாத கூட்டம் குளத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தபோது, இவன் பிறந்தான். எங்கள் ஊர்க் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சாலிஹோத்ர முனிவர் வருஷம் முழுக்க உபவாசம் இருந்து, அரிசி மாவைப் பெருமாளுக்குப் படைத்தார். கிழவராக வந்த பெருமாள் அத்தனையையும் சாப்பிட்டுவிட்டு, படுக்க இடம் எங்கே என்று கேட்டு, முனிவர் காட்டிய இடத்திலேயே சயனித்துவிட்டார். அதுவும் ஒரு தை அமாவாசைதான். இன்றைக்கும் சன்னிதியில் பெருமாளின் வலது கை முனிவர் தலைமேல் இருக்கிறது.

அதனால் என் அகத்துக்காரர் யோசிக்கவே இல்லை. சாலிஹோத்ரன் என்று வைத்துவிட்டார்.

மாம்பலத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார் அம்புஜம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டா, ரமேஷ், சுரேஷ்னு லோகத்துல பேரே இல்லையா? ரிஷி பேரை வச்சா குழந்தை தாடியோட வளருமா?"

"பெருமாள் கை யார் தலைமேல இருக்கோ, அவர் பேர் அக்கா. எனக்கு வேற தோணலை" என்றார் இவர்.

பேர் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரியில் அம்மை குத்தப் போனபோது சீட்டு எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கோத்திரம் கேக்கலமா. கொயந்த பேரு இன்னா, அத்த சொல்லு." இதுதான் பேர் என்றேன். அவர் 'சாலி' என்று எழுதிக்கொண்டு, முஸ்லிமா என்று என் நெற்றியைப் பார்த்தார். பால் ஊற்றுகிற முனியம்மா அதை இன்னும் சுருக்கமாகத் தீர்த்தாள். "வாயில நொய மாட்டேங்குது மாமி. நான் சாலின்னே கூப்டுகினு போறேன்." நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

இரண்டு வயதில் பேச்சு வரவில்லை. ஆண் பிள்ளை தாமதமாகப் பேசும் என்றார்கள். மூன்று வயதிலும் வரவில்லை. அப்போதுதான் ஜனங்கள் பேரைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவு கனமான பேர் குழந்தை நாக்கைக் கட்டிவிட்டது என்றாள் எதிராத்து மாமி. வருஷக்கணக்காகப் பட்டினி கிடந்த ரிஷியின் பேர், அது வாயை அடைக்கத்தானே செய்யும் என்று இன்னொருத்தி. கல்யாண வீட்டில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். பிறகு யாராவது மெதுவாகக் கேட்பார்கள், "பேரை மாத்திப் பார்க்கலையா?" என்று.

1969 மார்கழியில் அம்புஜம் மறுபடி வந்தாள். ஜோசியரைப் பார்த்திருந்தாள். தை அமாவாசை கழிந்து பேரை மாற்ற வேண்டும், ரமேஷ் என்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை ஊமைதான் என்று சொல்லிவிட்டாராம். ஊமை என்ற சொல்லை எங்கள் அகத்தில் அதுவரை யாரும் உரக்கச் சொன்னதில்லை.

என் அகத்துக்காரர் கையலம்பிவிட்டுச் சாப்பிட உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாத்திடலாமா, ரங்கநாயகி? நான் ஆசைப்பட்டு வச்சது குழந்தை தலையில விடிஞ்சுடுத்தோ என்னவோ."

அவர் அப்படிக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. தினம் பெருமாளுக்கு அமுது சமைக்கிற கை அது. அமாவாசை வரைக்கும் பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அமாவாசையன்று வெல்லம் வாங்கிக்கொண்டு குளத்துக்குப் போனேன். நோய் கரைய வேண்டும் என்று எல்லோரும் அங்கே வெல்லம் கரைப்பார்கள். பிள்ளையை மேல்படியில் முனியம்மாவிடம் விட்டுவிட்டு இறங்கினேன். வெல்லம் கையில் கரைந்துகொண்டே இருந்தது. எனக்குச் சுலோகம் ஒன்றும் வரவில்லை. "பேர் உன்னோட அடியாருது. தப்பு பேர்லயா, என்கிட்டயா, எதுலன்னு எனக்குத் தெரியலை. நீயே காட்டிக்கொடு" என்றேன். பேச்சு வரட்டும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. காட்டிக்கொடு என்றுதான் கேட்டேன்.

ஏறி வந்து பார்த்தால் பிள்ளை இல்லை. முனியம்மா பூக்காரியோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நழுவி, நடு வீதிக்குப் போய்விட்டான். ஒரு பலூன்காரனையே பார்த்தபடி நிற்கிறான். பின்னால் ஒரு ஜட்கா வருகிறது. வண்டிக்காரன் "ஓரம் போ! டேய், ஓரம் போ!" என்று கத்துகிறான். குதிரையின் கழுத்து மணி குலுங்குகிறது. பிள்ளை அசையவில்லை.

எனக்குத் தொண்டை கிழிந்தது. "சாலிஹோத்ரா!"

வீதியே திரும்பிப் பார்த்தது. இது என்ன பேர் என்று பார்த்தார்களோ, என் சத்தத்துக்குப் பார்த்தார்களோ. பலூன்காரன் திரும்பினான். சின்னக் குழந்தைகள் திரும்பின. திரும்பாதவன் அவன் ஒருவன்தான்.

வண்டிக்காரன் கடிவாளத்தை இழுத்துக் குதிரையை ஒதுக்கிவிட்டான். நான் ஓடிப்போய்ப் பிள்ளையை வாரிக்கொண்டேன். முனியம்மா அழுதுகொண்டே ஓடி வந்தாள். "அய்யோ மாமி, இத்தினி சத்தத்துல கொயந்த திரும்பலியே!" அவள் சொல்லும்போதே எனக்கும் அதுதான் உறைத்தது. கேட்டேன், பெருமாள் காட்டிவிட்டார்.

அகத்துக்கு வந்ததும் அம்புஜத்தையும் அவரையும் உட்கார வைத்தேன். பிள்ளை முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, பின்னால் நின்று கூப்பிட்டேன். சாவிக்கொத்தை ஆட்டினேன். அவன் பொம்மையோடு விளையாடிக்கொண்டே இருந்தான். முன்னால் வந்து வாயை அசைத்ததும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். தாம்பாளம் விழுந்தால் திரும்புவான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்றே நாங்கள் இருந்துவிட்டோம். நாங்கள் பேசியது அவன் காதில் விழவே இல்லை. பிறகு எப்படிப் பேசுவான்?

மறுநாள் எங்களோடு ரயிலேறி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவள் அவள்தான். காது பார்க்கிற டாக்டர் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். குழந்தையில் சளி, காதுவலி உண்டா என்று கேட்டார். நிறைய உண்டு.

"ரெண்டு காதுலயும் உள்ள நீர் கோத்து, பிசின் மாதிரி கெட்டியாயிருக்கும்மா. எடுத்துடலாம். ஊமையெல்லாம் இல்லை."

அம்புஜம் கேட்டாள், "பேரை மாத்தணுமா டாக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு?"

மாசியில் ஆபரேஷன் நடந்தது. திரும்பி வரும்போது எஞ்சின் விசில் அடித்ததும் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதான். பெட்டியில் இருந்தவர்கள் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்திருப்பார்கள். பிள்ளை அழுகிறது, தாயார் சிரிக்கிறாள்.

பேச்சு உடனே வந்துவிடவில்லை. பங்குனியில் ஒரு காலையில் முனியம்மா வாசலில் "பாலு!" என்று குரல் கொடுத்தாள். உள்ளேயிருந்து இவன் "பாலு" என்றான். அவள் சொம்பைப் போட்டுவிட்டு, "மாமி, நம்ம சாலி பேசறான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். இவர் சேதி கேட்டு, தளிகைக் கரண்டியோடு மடைப்பள்ளியிலிருந்து ஓடி வந்தார்.

மறு வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர், சேகர் என்று எழுதிக்கொள்ளட்டுமா, பிள்ளைக்குச் சுலபமாக இருக்கும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அவனே அவரிடம் "சாலிகோத்தன்" என்றான். அவர் சிரித்துவிட்டு, முழுப் பேரையும் எழுத்துக்கூட்டி எழுதினார்.

இப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. வலது காது கொஞ்சம் மந்தம்தான், அதைப் பெருமாள் அப்படியே வைத்திருக்கிறார். பேரைக் கேட்டு இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முன்பெல்லாம் யார் என்ன சொல்வார்களோ என்று உடம்பு கூசும். அன்று வீதி முழுக்கத் திரும்பிப் பார்த்த பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது.

உங்களில் யாருக்காவது பிள்ளை பேச்சு வராமல் இருந்தால், பேரைக் குற்றம் சொல்லாதீர்கள். அதன் முதுகுப் பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். பெருமாளிடம் வாருங்கள், டாக்டரிடமும் போங்கள். எது முதலில் என்றாலும் சரி. எனக்கு இரண்டும் பெருமாள் திறந்த கதவுதான்.