சதுப்பில் சூசை நின்ற பொழுது

செஞ்சி பேருந்து நிலையச் சுவரொட்டியில் என் கூட்டாளி சூசையின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாது. பேரனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறான் போலும் என்று சிரித்தபடி நின்றேன். பூக்கட்டும் அம்மாதான் படித்துச் சொன்னாள். "நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க பெரியவரே. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

சொல்லவில்லை. எங்களோடு மூட்டை தூக்கியவர்களில் மிச்சம் நான் ஒருவன் என்பது அவன் வீட்டாருக்கு எப்படித் தெரியும்?

அவனோடு பழகியவர்களுக்காக, எங்கள் இளவயதில், அறுபதுகளில் நடந்த ஒரு பகலைச் சொல்கிறேன். மகள் எழுதுகிறாள்.

கடலோரத்து ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கண்ணாடி ஜாடிகள் ஏற்றிப் போயிருந்தோம். இறக்கி முடித்ததும் ஓர் அதிகாரி கடற்குதிரையைக் காட்டினார்.

"இதுவா குதிரை? எங்க வீட்டுப் பல்லி இதவிடப் பெருசு சார்" என்றான் சூசை.

அவர் சிரித்துவிட்டு, சுற்றிப் பார்த்து வரச் சொல்லி, கித்தான் போர்த்திய ஒடுங்கிய படகொன்றைக் கொடுத்தார். இரண்டு பேர் உட்காரலாம். "தண்ணி பழக்கமா?" என்று கேட்டார்.

"பனமலை ஏரியில பொறந்தவன் சார் நானு."

அலையாத்தி மரங்களுக்கு நடுவே உப்பங்கழிக்குள் துடுப்பு போட்டோம். நீர்நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்து முங்கியது. சேற்றுத் திட்டில் நண்டுகள் ஒற்றைக் கொடுக்கை ஆட்டின. "கூப்புடுதுய்யா, போவலன்னா மரியாதையா இருக்காது" என்று சூசை இறங்கினான். நானும் இறங்கினேன். ஏரியில் செய்கிறாற்போலப் படகின் மூக்கைச் சேற்றில் ஏற்றிவிட்டு நடந்தோம். ஏரித் தண்ணீர் விட்ட இடத்தில் இருக்கும். கடல் தண்ணீர் ஏறும் என்று எங்களுக்குத் தெரியாது.

திரும்பினால் படகு தானாகப் போய்க்கொண்டிருந்தது. சூசை நீந்திப் போய் இழுத்து வந்தான். மரவேர்களில் ஒட்டியிருந்த சிப்பிகள் கித்தானைக் கிழித்துவிட்டன. இனி அது இரண்டு பேரைத் தாங்காது. திட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது.

"நீ போய்யா. உனக்கு நீச்சல் தெரியாது. நான் மரத்தப் புடிச்சிக்கினு இருக்கேன்."

"எல்லா மரமும் ஒண்ணாட்டம் இருக்குதே, எப்படித் திரும்பி வருவேன்?"

"எந்த மூட்டை யாருதுன்னு பாத்தவுடனே சொல்லுவியே, இது தெரியாதா இன்னா? போ."

கிழிசலில் துண்டை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்தையும் மனத்தில் ஏற்றியபடி துடுப்பு போட்டேன். அத்தனை தனியாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

கரையில் அதிகாரி என்னைப் பார்த்துப் பதறினார். "வழியச் சொல்லுங்க, நாங்க போறோம். நீங்க உக்காருங்க" என்றார். சொன்னேன். உட்கார்ந்தேன். எனக்குத் தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர்கள் படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் போயும்விட்டது. அப்புறம்தான் நானும் வருவதாகக் கத்தினேன். திரும்பி வந்து ஏற்றிக்கொண்டார்கள்.

உள்ளே நான் சொன்ன அடையாளங்களில் பாதி மூழ்கிக் கிடந்தன. வளைவுகளின் கணக்கை வைத்துத்தான் வழி காட்ட முடிந்தது. சூசைக்கு மார்பளவு தண்ணீர். உதடு வெளுத்திருந்தது.

"டீ குடிச்சிட்டு வரியா?" என்றான்.

லாரியில் திரும்பும்போது, "என்னத் தேடி வந்த படகுல நீயும் இருப்பேன்னு எனக்குத் தெரியும்யா" என்றான். பிறகு கடைத்தெருவில் எத்தனையோ பேரிடம் அதையே சொன்னான். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கரையில் உட்கார்ந்துவிட்டதை அவனிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். சொல்லாமலே விட்டுவிட்டேன். "தெரியும்" என்றானே, அந்தச் சொல்தான் அவனுடையதாக என்னிடம் இருக்கிறது. அது எனக்கு முழுதாகப் பொருந்தாது என்று தெரிந்துதான் வைத்திருக்கிறேன்.