கருவாட்டுச் சிவகாமி பூசிய வெட்டிவேர்

மலாக்காவின் காஜா பெராங்கில் பஸ் ஏறினால் சிவகாமசுந்தரிக்கு உட்கார இடம் கண்டிப்பாகக் கிடைக்கும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து இடமும் காலியாகிவிடும். பாசாரில் கருவாடு விற்பவளுக்கு அப்படியொரு சௌகரியம்.

அவள் புருஷன், ஜப்பான்காரன் ஆண்ட காலம் முழுக்க மரவள்ளிக்கிழங்கு தின்று சலித்தவன். வெள்ளைக்காரன் திரும்பி வந்த சந்தோஷத்தில் கள்ளுக்கடைக்குள் போய் விழுந்தான், எழுந்திருக்கவேயில்லை. ஊரார் அவளுக்காக அழுது முடிப்பதற்குள் அவள் கடையைத் திறந்துவிட்டாள். “நான் அழுதா நெத்திலி காயுமா?” என்று கேட்டாள்.

வருடங்கள் ஓடி ஐம்பத்தேழு வந்தது. ஊரெல்லாம் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கிடந்தது. பூக்கட்டி விற்கும் கமலவேணிக்கும் அந்தச் சுதந்திரக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது.

“நாடே வெள்ளைக்காரன அனுப்பிட்டு வேற குடித்தனம் பாக்குதுலா. நீ மட்டும் எதுக்குடி ஒத்தையா கெடக்கணும்?” என்றாள் சிவகாமியிடம்.

மாப்பிள்ளையும் அவளே பார்த்துவிட்டாள். பெயர் சின்னப்பா. லாரி ஓட்டுபவர், மனைவியை இழந்தவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கமலவேணி வீட்டில் சந்திப்பதாக ஏற்பாடு. சிவகாமி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, முதல் நாள் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் உள்ள காதர் நானாவின் அத்தர் கடைக்குப் போய் நின்றாள்.

நானா மல்லிகை அத்தரை எடுத்தார். அவள் பக்கமிருந்து காற்று வீசியதும் திரும்ப வைத்துவிட்டார்.

“ஒங்க தொழிலுக்கு மல்லி நிக்காதும்மா, ஓடிப் போயிடும். இது வெட்டிவேர். மண்ணுக்குள்ள கெடந்து வந்தது, எதுக்கும் பயப்படாது. ஆனா பூசின ஒடனே முடிவு கட்டாதீங்க. பொழுது சாயுற வரைக்கும் விட்டுப் பாருங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுக் காதுக்குப் பின்னாலும் மணிக்கட்டிலும் தடவிக்கொண்டாள். மூடிய கூடைக்குள் இருப்பது சுறாவா திருக்கையா என்று திறக்காமலே சொல்லும் மூக்கு அவளுடையது. அந்த மூக்கால் முகர்ந்தாள். பிடுங்கிய புல்வேரின் பச்சை வாடை, கூடவே ஒரு கசப்பு. ‘காசு குடுத்துச் சேறு வாங்கியிருக்கேன்’ என்று முதல் தீர்ப்பு எழுதினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நடராஜன் சேவலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். மலாக்காச் செட்டி வீட்டுப் பிள்ளை. பேரும் சாமியும் தமிழ், வாய் மட்டும் மலாய்.

“வாங்கி, அக்கா, வாங்கி!” என்று மூக்கை உயர்த்தினான். மலாயில் வாங்கி என்றால் மணம்.

“ஆமா தம்பி, காசு குடுத்துத்தான் வாங்கினேன்.”

“பெத்தாங் பூசோக்!” என்று சிரித்தான். சாயங்காலம் நாறிப்போகும் என்று ஜோசியம்.

“பூசத்தானேடா வாங்கினேன்!” என்று அவள் நடையைக் கட்டினாள். பாதி புரிந்து முழுசாகச் சிரித்தான் அவன்.

அன்றைக்கு பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகவில்லை. ஒரு ஆபீஸ் கிராணி உட்கார்ந்தார், முகர்ந்தார், அவளைப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார். கருவாடா கோயிலா என்று கண்டுபிடிப்பதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று.

பாசாரில் வெயில் ஏற ஏற, வெட்டிவேருக்கும் நெத்திலிக்கும் சண்டை மூண்டது. நெத்திலி வாங்க வந்த வாத்தியார் மனைவி ருக்மணி அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னாடி இது, கர்ப்பக்கிரகத்துல கருவாடு காயப்போட்ட மாதிரி இருக்கு!”

“பொங்கலும் புளியோதரையுமே தின்னுக்கிட்டிருக்கு சாமி. அதுக்கும் நாக்குன்னு ஒண்ணு இருக்காதாக்கா?”

ருக்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாவத்தைக் கேட்டுவிட்ட கையோடு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வாங்கிப் போனாள்.

மத்தியானம் வேர்வையில் அந்தக் கசப்பு கரைந்து, கொட்டாங்கச்சி எரித்து அணைத்த அடுப்பின் வாசம் வந்தது. ‘பரவால்ல’ என்று மனசில்லாமல் ஒத்துக்கொண்டாள். கடை கட்டும்போது எந்த வாசமுமே இல்லை. நானாவைத் திட்ட நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்தாள். அப்போதுதான் மணிக்கட்டிலிருந்து அது மெல்ல எழுந்தது. மழை விட்ட மண், வெயிலில் காய்ந்த பாய், அதற்கடியில் ஏதோ மனுசச் சூடு. சேர்த்த வசவுகளையெல்லாம் அப்படியே விழுங்கினாள். கமலவேணி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கை மூக்கிலேயே இருந்தது.

“சளியாடி?” என்றாள் கமலவேணி.

சின்னப்பா வந்தார். பெரிய மீசை, புதுச் சட்டை, அடக்கமான குரல். சிவகாமி காற்று வரும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அவர் ரோட்டைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். வாசனையைப் பற்றி மூச்சே இல்லை. பிஸ்கட் தட்டை நீட்டும் சாக்கில் மணிக்கட்டை அவர் மீசைக்குக் கீழே கொண்டுபோனாள். பிஸ்கட் எடுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினாள். மறுபடி எடுத்துக்கொண்டார்.

“ஏங்க, ஒண்ணுமே தோணலையா?”

“நல்லா மொறுமொறுன்னு இருக்கு.”

“பிஸ்கட் இல்லைங்க, வாசனை!”

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். “ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் ரோட்டுல எனக்குக் காய்ச்சல் வந்துச்சும்மா. உசுர விட்டுட்டு மூக்க மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. எனக்கு மல்லியும் ஒண்ணுதான், மாட்டுச் சாணியும் ஒண்ணுதான்.”

சிவகாமி கமலவேணியைப் பார்த்தாள். அவள் கூசவேயில்லை.

“நீ கருவாட்டுக்காரி, அவருக்கு மூக்கில்ல. இதவிடப் பொருத்தம் எந்த ஜோசியக்காரன்டி பாப்பான்?”

சிவகாமிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது சிரிப்பாக வந்தது. கண்ணில் நீர் கட்டும்வரை சிரித்தாள். அவள் ஓயட்டும் என்று காத்திருந்த சின்னப்பா, “அது எப்படி இருக்கும்? கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றார்.

அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எவரையும் வார்த்தை தேடாமல் வைபவள், இப்போது தேடித் தேடிச் சொன்னாள். காலைச் சேறு, மத்தியான அடுப்பு, அந்தி நேரத்துப் பாய். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“சேறு வேணாம்மா. பாய் நல்லாருக்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மீசை வரை சிவந்துபோனார். கமலவேணி காப்பி போடுவதாக உள்ளே ஓடினாள்.

மெர்டேக்கா வந்த அடுத்த மாதம் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஊர் கொஞ்ச நாள் பேசி, வாய் வலித்து நிறுத்தியது. சிவகாமி கடையை விடவில்லை. சின்னப்பா லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்ததும், “இன்னிக்கு என்ன வாசம்?” என்பார். அவளும் ஒவ்வொன்றாகச் சொல்வாள். சில நாள் அலுப்பில் பொய்யும் சொல்வாள்.

“மல்லிங்க, தெருவே மணக்குது.”

அவர் ஜன்னலோரம் போய் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டில் நடராஜன் இறாலைப் புளிக்கவைத்த பிளாச்சானைத் தெருவே நாற வறுத்துக்கொண்டிருப்பான்.