அத்தானுக்கு ஒரு பெரிய திரை

கட்டாரில் இருந்த காலத்தில் இரண்டு வருடம் நான் பெரிய திரைகளைச் சுவரில் ஏற்றும் வேலை பார்த்தேன். கடைத்தொகுதிகளில் விளம்பரம் ஓடுகிற திரைகள். இரண்டு பேர் தூக்கிப் பிடிப்போம், மூன்றாமவன் ஆணி முடுக்குவான். ஒரு நாள் ஒன்று என் பாதத்தில் விழுந்து இரண்டு விரல் நெரிந்தது. அதன் பிறகு அங்கே எனக்கு வேலை இருக்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு எந்தத் தொழிலும் முழுதாகத் தெரியாது. ஆனால் ஊர் திரும்பிப் பாலையூற்றில் அக்கா வீட்டில் தங்கியபோது, திரை என்றால் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று அங்கே நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அக்காவின் கணவர் காணி வரைபடம் வரைகிறவர். நில அளவையாளர் ஒருவர் வயலிலும் வளவிலும் அளந்து எழுதிய குறிப்புகளைக் கொண்டுவந்து கொடுப்பார். அத்தான் அவற்றைக் கணினியில் எல்லையாகவும் வாய்க்காலாகவும் கிணறாகவும் போட்டுக் கொடுப்பார். காணி உறுதிப் பத்திரம் தொலைந்தவர்கள், இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள், பங்கு பிரிக்கிறவர்கள் என்று அந்த வேலைக்கு இந்தப் பக்கம் குறைவில்லை. அந்த வருமானத்தில்தான் வீடு நடந்தது.

நான் போனபோது அவர் ஒரு பழைய சின்னத் திரைக்கு முன்னால் இருந்து தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தார், காகம் பார்க்கிறது போல. நெற்றியில் ஒரு வீக்கம். கதவு நிலையில் இடித்ததாம். குளிர்சாதனப் பெட்டியில் முட்டை வைக்கும் குழியில் கண்ணுக்கு விடுகிற மருந்துச் சீசா ஒன்று இருந்தது. கண் குளிர்ச்சிக்கு என்று அத்தான் சொன்னதாக அக்கா சொன்னாள். நானும் மேலே கேட்கவில்லை.

“கண் பார்வை குறைஞ்சு போச்சு தம்பி. எழுத்துத் தெரியேல்ல போல. பெரிசா ஒண்டு பார்த்து வாங்கு,” என்றாள் அக்கா.

அத்தானிடம் கேட்டேன். “ஓம், குறைவுதான்,” என்றார். கடைக்கு வரச் சொன்னேன். வேலை கிடக்கிறது, நீங்களே பாருங்கோ என்றுவிட்டார்.

அவருடைய வரைபடம் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். முதல் கடையில் ஐம்பத்தைந்து அங்குலத் தொலைக்காட்சியைக் காட்டினார்கள். தூர நின்று பார்க்க அழகு. கிட்டப் போனால் கறுப்பு எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்தன. சரிவான எல்லைக்கோடு படிக்கட்டு மாதிரி உடைந்து நின்றது. படம் பார்க்கிற சாமான், மேசையில் வைத்து வேலை செய்ய உதவாது என்று அந்த அளவுக்கு எனக்கு விளங்கியது.

இரண்டாவது, பாவித்த கணினிச் சாமான்கள் விற்கும் கிண்ணியா முஸ்லிம் அண்ணர் ஒருவரின் கடை; எல்லோருக்கும் அவர் நானா. அங்கே நாற்பத்து மூன்று அங்குலத்தில் ஒன்று இருந்தது. நான் இரண்டு கையையும் விரித்து அகலம் பார்த்தேன்.

“என்ன தம்பி, தோணிக்குப் பாய் வாங்க வந்த மாதிரி அளக்கிறீங்க,” என்றார் நானா.

பிறகு தண்ணீர்ப் போத்தலில் விரலை நனைத்து, எரிந்துகொண்டிருந்த அந்தத் திரையில் ஒரு துளி வைத்தார். துளிக்குள் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சதுரங்கள் பெருத்துத் தெரிந்தன. பக்கத்தில் இருந்த இருபத்து நாலு அங்குலத் திரையிலும் ஒரு துளி வைத்தார். அதற்குள் இருந்தவை தூள் மாதிரி. இரண்டிலும் புள்ளிகளின் தொகை ஒன்றுதான், பெரியதில் பரத்தி வைத்திருக்கிறது, சின்னதில் நெருக்கி வைத்திருக்கிறது என்றார். வரைகிற ஆளுக்கு நெருக்கினதுதான் நல்லம் என்பது அவருடைய பேச்சு. நான் கேட்கவில்லை. பார்வை குறைந்தவருக்குச் சின்னதை வாங்கிக் கொடுக்க நான் என்ன விசரனா?

“அப்ப அந்த ஆளக் கூட்டிட்டு வாங்க. செருப்பும் திரையும் ஆளில்லாம வாங்கப்படாது,” என்றார்.

சிரித்துவிட்டுப் பெரியதையே எடுத்தேன். ஆட்டோவில் மடியில் குறுக்காக வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். பழைய திரையை அடுத்த நாளே பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டேன். மேசையில் இடம் வேண்டுமே.

புதியதைப் போட்டதும் அக்கா தியேட்டர் மாதிரி இருக்கிறது என்றாள். அத்தான் கதிரையில் இருந்து மவுசை அசைத்தார். அம்பு எங்கே நிற்கிறது என்று கேட்டார். மேலே வலப்பக்க மூலையில், எனக்குப் பளிச்சென்று தெரிய நின்றது. நான் விரலால் தொட்டுக் காட்டினேன். கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகும் தள்ளினார். முதுகில் அலுமாரி முட்டியது. எழுத்துச் சின்னன் என்று நினைத்து நான் எல்லாவற்றையும் இன்னும் பெருப்பித்து விட்டேன். நல்லம் என்றார். அவர் நல்லம் என்ற சொல்லை அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு கிழமை கழித்து அளவையாளர் நேரே வீட்டுக்கு வந்தார். தம்பலகாமத்தில் அண்ணன் தம்பி இருவருக்குப் பிரித்த வயல். மேல் மூலையில் இருந்த பொதுக் கிணறு வரைபடத்தில் இல்லை. கிணறு இல்லாத வரைபடத்தை நம்பி அண்ணன்காரன் அதையும் தன் பக்கம் சேர்த்து வேலி போட்டுவிட்டான், தம்பிக்காரன் கத்தியோடு வந்து நின்றானாம். அளவையாளர் தன் குறிப்பைத் திறந்து காட்டினார். கிணறு வட்டமாகத் தெளிவாக இருந்தது. அத்தான் திரையில் அந்த மூலையைத் தேடினார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் தேடி முடிக்கவே இல்லை. அளவையாளர் குரல் உயர்த்தவில்லை. அத்தானிடம் வரையக் கொடுத்திருந்த மற்ற மூன்று காணிக் கோவையையும் எடுத்துக்கொண்டு, கொஞ்ச நாள் ஆறுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா குசினிக்குள் போய்விட்டாள். நான் அத்தானுடைய காதுக்குப் பக்கத்தில் என் கையை வைத்து மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தேன். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் திரும்பினார்.

“எனக்கு மங்கல் இல்லை தம்பி,” என்றார். “தெரியிறது நல்ல வடிவாத் தெரியுது. தெரியிற இடம்தான் குறைஞ்சு போச்சு.” கையைக் குழாய் மாதிரி மடித்துக் கண்ணில் வைத்துக் காட்டினார்.

“ஏன் சொல்லேல்ல?”

“குறைவெண்டு சொன்னனான்தானே. எது குறைவெண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.”

கண் கிளினிக்கில் இரண்டு வருடத்துக்கு முன்னமே சொல்லியிருக்கிறார்கள். ஓரங்களில் போன பார்வை திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து. வெளியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறார். பழைய சின்னத் திரை அந்தக் குழாய்க்குள் ஓரளவு அடங்கியது. தலையை ஆட்டி ஆட்டி மிச்சத்தைப் பிடித்துக்கொண்டார். நான் கொண்டுவந்தது அடங்கவில்லை.

பெரிய திரையின் நடுவில் வரைபடத்தைச் சின்னதாக்கிப் பார்த்தோம். எழுத்து உடைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நானாவிடம் போனேன். நடந்ததைக் கேட்டார். நான் அப்பவே சொன்னனான் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்து நாலு அங்குலத்தை இறக்கித் தண்ணீர்த் துளி எதுவும் வைக்காமல் கட்டித் தந்தார்.

அதில் ஒரு முழு வயலும் அத்தானின் கண்ணுக்குள் அடங்கியது. எழுத்து எறும்பளவு, ஆனால் உடையாத எழுத்து. அன்று முழுக்க இருந்து கிணற்றைச் சரியான இடத்தில் போட்டு, வேலியையும் வரம்பையும் திருத்தி, என்னிடம் அச்செடுத்துத் தந்தார். அளவையாளரிடம் கொண்டுபோனேன். அவர் கிணற்றைப் பார்த்தார், தூரத்தைப் பார்த்தார், பிழையில்லை என்றார். ஆனால் அந்த வரைபடத்தை ஏற்கெனவே வேறொருவர் வரைந்து கொடுத்துவிட்டாராம். இனி எல்லை வேலைக்கு அந்த ஆள்தான் என்றார். தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் திரையை எரியவிட்டுக் காத்திருந்தார். என்ன சொன்னவர் என்று கேட்டார். பிழையில்லை எண்டவர் என்றேன்.

“வேற வேலை ஏதும் குடுத்தவரோ?”

“வாற கிழமை வரட்டாம்.”

அவர் என் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தார். முதலில் கண். பிறகு வாய். வாயில் கன நேரம் நின்றார்.

“ஓம்,” என்றார். திரும்பி, கணினியை நிறுத்தினார்.