ஒடீலியா கேட்ட கஷ்டம்

ஃபிரெஸ்னோவில் எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டும் ஒடீலியா கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களில் எந்தப் பிள்ளை முதன்முதலாகக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும், சனிக்கிழமை நூலகத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். சம்பளம் கிடையாது, அதிகாரம் உண்டு.

"காலேஜுல உன்னப் பத்தி ஒரு கட்டுரை எழுதச் சொல்றாங்க. கஷ்டத்த எழுதுடி!" என்று இந்த வருடம் விண்ணப்பிக்கும் யாரெட்சியை விரட்டினாள்.

"எனக்கென்னக்கா கஷ்டம்? நல்லாத்தானே இருக்கேன்."

"எங்கயாவது இருக்கும், தேடு!"

யாரெட்சி தேடினாள். அம்மா எவுஃபேமியா ஆபீஸ் ஆபீஸாகக் குப்பை கூட்டுவதை, வீட்டில் இல்லாத பட்டினியையும் சேர்த்து, கண்ணீரும் கம்பலையுமாக எழுதிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை எவுஃபேமியாவே வந்துவிட்டாள். ஒரு கையில் கட்டுரை, மறு கையில் சுடச்சுடத் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டைப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"ஏன்டீ ஒடீலியா, எம்பொண்ணப் பட்டினியா போட்டேன்?"

"காலேஜுக்காகத்தான்க்கா..."

எவுஃபேமியா இடுப்புச் சாவிக்கொத்தை மேசையில் போட்டாள். நூலகமே திரும்பிப் பார்த்தது. "நான் கூட்டுற ஆபீஸ் கட்டடத்துல நாப்பது ரூம். மேனேஜர்கிட்ட ஒரு சாவி. மிச்சமெல்லாம் யாருகிட்ட?"

ஒடீலியா பேனாவை எடுத்துக் கட்டுரையைக் குறுக்கே அடித்தாள். "யாரெட்சி, புதுசா எழுது. 'எங்கம்மா வரலேன்னா அந்தக் கட்டடமே தொறக்காது.'"

எவுஃபேமியா அப்போதுதான் பொட்டலத்தைப் பிரித்தாள்.