ஒன்பது ராத்தல் இரும்பு

ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த மோட்டார் பட்டறையில் நான் லேத் வேலை பார்த்தேன். யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சோழவரத்தில் யுத்தத்துக்காகப் போட்ட விமான ஓடுதளம் சும்மா கிடந்ததால் அங்கே கார் பந்தயம் விட ஆரம்பித்திருந்தார்கள். பந்தயக்காரர்களில் சிலர் என்ஜின் வேலைக்கு எங்களிடம் வந்தார்கள். முதலாளி என்ஜினைப் பிரிப்பார். ஃப்ளைவீல் மட்டும் என் கைக்கு வரும்.

என்ஜினின் பின்பக்கம் சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் அது. அந்தக் கனம்தான் என்ஜினை நிதானமாக ஓட வைக்கிறது. வண்டி ஊர்ந்து போகும்போதும் என்ஜின் அணையாமல் இருப்பது அதனால்தான். பந்தயத்துக்கு நிதானம் வேண்டாம். மிதித்த மாத்திரத்தில் எகிற வேண்டும். அதனால் சக்கரத்தை லேத்தில் கட்டி, பின்புறத்தில் விளிம்பை ஒட்டி இரும்பைச் சீவி எடுத்துவிடுவேன். எங்கே எவ்வளவு விட வேண்டும் என்பதில்தான் வேலையே இருக்கிறது. அதிகம் சீவினால் சக்கரம் ஓட்டத்தில் வெடித்து ஓட்டுபவன் காலை எடுத்துவிடும்.

சீவி முடித்த பிறகு சமன் பார்க்க வேண்டும். நடுத் துளையில் ஒரு தண்டைச் செருகி, கத்தி விளிம்பு போலத் தீட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் மேல் வைப்பேன். கனமான பக்கம் மெல்லக் கீழே இறங்கி நிற்கும். அந்த இடத்தில் துளி துளியாகத் துளைத்துக் கனத்தை எடுப்பேன். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் விட்ட இடத்திலேயே சக்கரம் நிற்கும் வரை அது ஓயாது. பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழுந்தால் அந்தக் காற்றே சக்கரத்தைத் திருப்பிவிடும் என்பதால், காலையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வேன். எனக்கு அந்த வேலையில் கர்வம் உண்டு. மெட்ராஸில் என்னைப் போல் செய்பவன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரைப் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்த வெள்ளைக்கார அதிகாரியின் சின்னக் காருக்குச் செய்த சக்கரம்தான் நான் செய்ததிலேயே சிறந்தது. இருபத்திரண்டு ராத்தல் இருந்ததில் ஒன்பது ராத்தலை எடுத்தேன். பட்டை மேல் வைத்தபோது ஊசி குத்திய மாதிரி நின்றது. அவர் இரண்டு பந்தயம் ஓட்டினார். பிறகு ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொல்லிக் காரை எங்கள் முதலாளி மூலமாக விற்றார்.

வாங்கியவர் எனக்குத் தெரிந்தவர். திருவொற்றியூரில் ஒரு ஆலையின் மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தார். லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருள் என் உள்ளங்கையைக் கிழித்தபோது பத்து நாள் கட்டுப் போட்டுவிட்டவர் அவர்தான். ஒவ்வொரு தடவையும் பழைய துணியை ஊதி ஊதி எடுப்பார். அவர் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கால் சூம்பிப்போய் பலமில்லை. பஸ் ஏறி இறங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் மாதா கோயிலுக்கு அவளை அழைத்துப்போகத்தான் கார் வாங்கினார். நாற்பது வயதுக்கு மேல் அதற்காகவே ஓட்டக் கற்றுக்கொண்டார்.

வாங்கி ஒரு மாதத்தில் பட்டறைக்கு வந்தார். மெதுவாகப் போனால் என்ஜின் அணைந்துவிடுகிறதாம். மாட்டு வண்டிக்குப் பின்னால் போவதே பயமாக இருக்கிறதாம்.

"இன்னா மேஸ்திரி, எனக்குத்தான் கை வரலியா, வண்டிதான் அப்படியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். பழைய இரும்புக் கடையில் அதே மாதிரிக் காரின் சாதாரண ஃப்ளைவீல் ஒன்று கிடந்ததும் தெரியும். அதை வாங்கி மாட்ட அரை நாள் வேலை. ஆனால் அப்படிச் செய்தால் என் சக்கரம் பழைய இரும்போடு போய்க் கிடக்க வேண்டும்.

"கொஞ்சம் ரேஸ் குடுத்து எடுங்க சார். போகப் போகக் கால் பழகிடும்" என்றேன்.

அவர் நம்பினார். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. எனக்குத்தான் வராது போல என்று தயங்கிச் சொன்னார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கல்மண்டபம் வரை ஓட்ட வைத்தேன். ஒரே ஒரு தடவைதான் என்ஜின் நின்றது. நன்றாகத்தான் ஓட்டினார். அதைச் சொன்னேன். காரணத்தை அப்போதும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு. பூசை முடிந்து இருவரும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திருவொற்றியூருக்கு முன்னால் ஆலைக்குள் சரக்கு வேகன் போகும் தண்டவாளம் ஒன்று சாலையைக் குறுக்கே வெட்டிப் போகும். அங்கே கேட் கிடையாது. மற்ற நாட்களில் சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் நிற்பான். ஞாயிறு என்பதால் அன்று ஆள் இல்லை. ஆனால் வேகன் வந்தது. முன்னால் போன மாட்டு வண்டி மேட்டில் ஏறித் தயங்கியது. பின்னால் ஊர்ந்து ஏறிய கம்பவுண்டரின் கார் தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டது. கிளப்பினார், நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. ரயில் என்ஜின் பின்னாலிருந்து வேகன்களைத் தள்ளிக்கொண்டு வந்ததால் அதன் டிரைவருக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை. கம்பவுண்டர் இறங்கி, காரைச் சுற்றி ஓடி, மனைவியைத் தூக்கி வெளியே இழுத்துப் பள்ளத்தில் தள்ளினார். அவர் தாண்டுவதற்குள் வேகன் காரை மோதிப் புரட்டியது. கார் அவர் மேல் விழுந்தது. வேகமாக வந்த வண்டிகூட இல்லை அது. மனிதன் நடக்கிற வேகம்தான் என்று மாட்டு வண்டிக்காரன் சொன்னான்.

திங்கட்கிழமை நசுங்கிய காரை எங்கள் பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்து பிரேக்கைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, வண்டியில் முன்பே ஏதாவது கோளாறு இருந்ததா என்று கேட்டார்.

"கோளாறு ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அது பொய்யும் இல்லை. அந்தச் சக்கரத்தில் ஒரு பழுதும் கிடையாது. ஓட்டுபவருக்குப் போதிய பழக்கம் இல்லாததால் நேர்ந்தது என்று அவர் எழுதிக்கொண்டு போனார். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். "வுடு நைனா, போனவரு திரும்பியா வரப்போறாரு" என்றார். அவரும் நானும் அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை.

அடக்கத்துக்குப் போனேன். பெட்டியைத் தூக்கக்கூடத் தோள் கொடுத்தேன். கம்பவுண்டரின் தாயார் மருமகளை எல்லார் முன்னாலும் ஏசினாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு என் பிள்ளையைக் கொன்றாயே என்றாள். மற்றவர்கள், பாவம், ஓட்டத் தெரியாமல் போய்விட்டார் என்றார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தேன். வேலையை விடவில்லை. பந்தயக் கார்கள் வந்தன, சக்கரங்களைச் சீவினேன், காலையில் கதவைச் சாத்திக்கொண்டு சமன் பார்த்தேன். சாப்பாடு இறங்காது. உள்ளங்கைத் தழும்பு கண்ணில் பட்டால் கையை மடக்கிக்கொள்வேன். உடம்புக்கு என்ன என்று வீட்டில் என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நிறுத்திவிட்டாள்.

கடைசியில் ஒரு மத்தியானம் போனேன். கம்பவுண்டரின் மனைவி காசிமேட்டில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். வாசலில் பாய் போட்டு உட்கார வைத்தாள். கம்பவுண்டர் கட்டுப் போட்ட ஆள் என்று நினைவு வைத்திருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரம், ஒன்பது ராத்தல், அவர் இரண்டு தடவை வந்து கேட்டது, நான் சொன்ன பதில், எதையும் மறைக்கவில்லை.

அவள் கேட்டாள்.

"அப்ப அவருக்கு ஓட்டத் தெரிஞ்சிதான் இருந்திச்சா அண்ணே?"

"தெரிஞ்சிது. நல்லாத்தான் ஓட்டினாரு."

"ரயில் பாதையில நின்னப்ப, இதுகூடவா உங்களுக்குத் தெரியலைன்னு கேட்டேன். அதான் நான் அவரோட கடைசியாப் பேசினது."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"கனமான சக்கரம் மாட்ட எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?" என்று கேட்டாள்.

"அரை நாளு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். இரண்டும் இல்லை. அவள் மாமியாரிடம் வந்து இதையே சொல்கிறேன், இன்ஸ்பெக்டரிடமும் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவங்க போன மாசம் தவறிட்டாங்க. சாவுற வரைக்கும் என்னை வூட்டுக்குள்ள சேர்க்கல" என்றாள். பிறகு, "நீங்க கெளம்புங்க அண்ணே, அண்ணன் வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சூம்பிய காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது.

மறு வாரம் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனேன். அவர் மாற்றலாகிப் போயிருந்தார். அங்கிருந்த குமாஸ்தா நான் சொன்னதைப் பாதிவரை கேட்டுவிட்டு, அந்த ஃபைல் முடிந்துபோன ஃபைல் என்றார். வேண்டுமானால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். யாரும் கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்து அவள் அண்ணனை மீன் ஏலம் விடும் இடத்தில் பார்த்தேன். தங்கையைத் தூத்துக்குடிப் பக்கம் கன்னியர் மடம் ஒன்றில் தையல் வேலைக்கு விட்டிருப்பதாகச் சொன்னான். நான் வந்து போனதை அவள் அவனிடம் சொல்லவே இல்லை என்று அவன் பேச்சிலிருந்து தெரிந்தது. சௌக்கியமா என்று என்னைக் கேட்டான். சௌக்கியம் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அன்றைக்கு இரண்டு சக்கரங்கள் வந்திருந்தன.