சலிப்புக்கும் விரக்திக்கும் நடுவே அப்பா

1. ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றது.
2. அரை மணி நேரத்தில், சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கதவில் சீட்டு ஒட்டினார்கள்.
3. எதிர்வீட்டு ஹெல்கா அதைப் படித்துவிட்டு, முணுமுணுப்பே இல்லாமல் படியேறினார்.
4. அந்த ஞாயிற்றுக்கிழமையும் போனில் அப்பா எதையும் குறை சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான்காவதுதான் என் தவறு.

அப்பா மயிலாப்பூரில் ஆட்டோ ஓட்டுபவர். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் இடம் கொடுத்தார்கள். அம்மா இறந்தபின் அங்கே அவர் மட்டும். நான் இங்கு வந்த முதல் வருடம் முழுக்க வாராவாரம் ஒரே புலம்பல். "லிஃப்ட்டு இன்னிக்கும் பூட்ச்சு கண்ணு. ஏறிக்கினே கீறேன். இன்னும் நாலு மாடி கட்னா சாமியாண்ட நேராவே பேசிக்கலாம்." தண்ணீர், கொசு, மயிலாப்பூர் ஸ்டாண்டுக்குப் போக இரண்டு மணி நேரம். எல்லாவற்றையும் பட்டியலாகக் குறித்துக்கொள்வேன். மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஒரு பழுது மூன்று சுற்றில் மறுபடி தென்படாவிட்டால், தீர்ந்தது என்று மூடிவிடுவோம். அப்பா மூன்று வாரம் பேசாத குறைகளையும் அப்படித்தான் ஒவ்வொன்றாக மூடினேன். கடைசியில் பட்டியல் காலியானது.

பிறகு, அவருடைய பக்கத்து வீட்டு மேரியக்கா கூப்பிட்டார். "உங்கப்பா ஆட்டோ எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு, தெரியுமா? கீழயே எறங்கறதில்ல. பிரஷர் மாத்திர அப்டியே கீது. கேட்டா சிரிக்கிறாரு."

உடனே அப்பாவை அழைத்தேன்.

"லிஃப்ட் ஓடுதாப்பா?"

"தெர்லயே கண்ணு."

"மாத்திரை?"

"எல்லாம் நல்லாத்தான் கீது. நீ வேலைய பாரு."

சலிப்பும் விரக்தியும் ஒன்றென்றுதான் நினைத்திருந்தேன். சலித்துக்கொள்ள எதிரே ஒருவர் வேண்டும்; லிஃப்ட் நாளை ஓடலாம் என்ற எண்ணமும் கொஞ்சம் வேண்டும். அப்பா திட்டிய நாளெல்லாம் அந்த எண்ணம் அவரிடம் இருந்திருக்கிறது. விரக்தி வந்தபோது அவர் குரல் மென்மையானது. அதை நலம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் படியில் ஹெல்காவிடம், எனக்குத் தெரிந்த ஜெர்மனில், அப்பா இப்போது குறையே சொல்வதில்லை என்றேன். "எவ்வளவு நல்ல செய்தி!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இப்போது மாலைகளில் அப்பாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு அழைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்கிறேன். என் ஜன்னலில் மழை பெய்கிறது. போனில், அங்கே மேரியக்கா வீட்டுக் குக்கர் விசிலடிக்கிறது. இரண்டுக்கும் இடையில் அப்பா மூச்சுவிடுவது கேட்கிறது.

மாத்திரையை மேரியக்கா எடுத்துக் கொடுத்தால் அப்பா விழுங்குகிறார். நான் ஒரு மாத விடுப்புக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அப்பா இதுவரை எதையும் திட்டவில்லை.