இடது கையில் கொடுங்கள்

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. அம்பத்தூர் மேனாம்பேட்டில், எங்கள் வீட்டின் முன்னறையிலேயே சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் எங்கள் தொழிலில் அது ஈ ஓட்டுகிற மாதம். ஆவணி பிறந்துவிட்டால் மணப்பெண் அலங்காரத்துக்கு ஓடி ஓடிச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. சரியாக அந்த ஆடியில் என் வலது கை மக்கர் செய்ய ஆரம்பித்தது.

முதலில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. தூக்கத்தில் கையை மடித்துப் படுத்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் புருவம் திருத்திக்கொண்டிருக்கும்போது நூல் பிடியிலிருந்து நழுவியது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துச் செய்கிற வேலை அது. ஒரு விரல் ஏமாற்றினாலும் போச்சு. அந்தப் பெண்ணின் புருவத்தில் நடுவே கொஞ்சம் இடம் வெறுமையாகிவிட்டது. நல்ல பிள்ளை, “பரவால்லக்கா, பென்சில் போட்டுக்கிறேன்” என்று சிரித்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷமாகச் சோறு போடுகிற கை இது.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, கழுத்தில் நரம்பு அழுந்துகிறது போலிருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்காமல் எதுவும் செய்ய முடியாது என்றார். தள்ளிப் போட்டால் பிடிப்பு திரும்ப வராமலே போகலாம் என்றும் சொன்னார். கையைப் பற்றி அவர் சொன்னதைவிட அந்த மூன்று எழுத்துதான் என்னை ஆட்டிவிட்டது.

எனக்கு மூடிய இடம் ஆகாது. லிப்டில் ஏற மாட்டேன். பூந்தமல்லியில் சொந்தக்காரர் வீடு ஐந்தாவது மாடியில் இருக்கிறது, சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறித்தான் போயிருக்கிறேன். வீட்டில் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேன், பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பேன், அதுதான் தாழ்ப்பாள். இதைச் சொன்னால் எல்லோரும் காரணம் கேட்பார்கள். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தாயா, யாராவது அறையில் போட்டுப் பூட்டினார்களா என்று துருவுவார்கள். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, எனக்கு மூடிய இடம் ஒத்துக்கொள்ளாது. கத்தரிக்காய்க்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

முதல் தடவை நானும் என் கணவரும் போனோம். வளையல், தோடு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தாலியையும் கழற்றி அவர் சட்டைப்பையில் போட்டபோதே ஒரு மாதிரியாக இருந்தது. ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். காலையிலிருந்து நின்று நின்று களைத்த முகம். “ஆடாம அசையாம படுங்க, இருபது நிமிஷம்தான்” என்றாள். காதில் பஞ்சை அடைத்து, கழுத்தைச் சுற்றி முகம் வரைக்கும் ஒரு கூண்டு மாதிரி மாட்டினாள். வலது கையில் ரப்பர் உருண்டை ஒன்றை வைத்து, ஏதாவது என்றால் அமுக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

பலகை குழாய்க்குள் நகர்ந்தது. கண்ணைத் திறந்தேன். மூக்குக்கு நேரே வெள்ளைக் கூரை. மூச்சு விட்டால் அது பட்டுத் திரும்பி என் முகத்திலேயே அடித்தது. ரோடு உடைக்கிற மெஷினைத் தலைமாட்டில் வைத்தது போலச் சத்தம் கிளம்பியது. சத்தத்துக்கு நான் பயப்படவில்லை, தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிற அம்பத்தூர்க்காரிக்கு மெஷின் சத்தம் புதிதா? ஆனால் நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. உருண்டையை அமுக்கினேன். யாரும் வரவில்லை. மறுபடி அமுக்கினேன். வரவில்லை. இவர்கள் என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று தோன்றியது பாருங்கள், அதற்கப்புறம் நான் நானாக இல்லை. காலால் உதைத்தேன், கத்தினேன், தலையைக் கூண்டில் மோதிக்கொண்டேன்.

வெளியே இழுத்தார்கள். “பெல்லு எதுக்குக் குடுத்திருக்கு? அமுக்கியிருக்கலாம்ல?” என்று கேட்டாள் அந்தப் பெண். கதவைத் திறந்து, “இந்தம்மா முடியாதுன்னுட்டாங்க, அடுத்தவங்க வாங்க” என்றாள். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் போனை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் வாயில் எதுவும் தங்காது. “உள்ள போட்டதும் ஒரே அலறல்” என்று அவர் சிரித்துச் சிரித்துச் சொல்ல, சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கச் செய்தி போய்விட்டது. ஆளாளுக்கு உபதேசம். கண்ணை மூடிக்கொண்டு சாமியை நினை என்றார் ஒருவர். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு பயமா என்றார் இன்னொருவர். பிள்ளை பெறும்போது என்னைக் குழாயில் போட்டா அடைத்தார்கள்?

டாக்டர் மயக்க மருந்து கொடுத்தும் எடுக்கலாம் என்றார். அப்படி எடுத்துக்கொள்கிறவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, அது அவரவர் வசதி. எனக்கு வீசிங் உண்டு என்பதால், முதலில் இன்னொரு டாக்டரிடம் காட்டிச் சம்மதம் வாங்கி, நாள் வாங்கிக் காத்திருக்க வேண்டும் என்றார். அதற்குள் ஆடியே முடிந்துவிடும். இதற்கிடையில் காபி டம்ளர் ஒன்று என் கையிலிருந்து விழுந்து உருண்டது.

அந்த வாரம் ஆவடியிலிருந்து என் நாத்தனார் வந்தாள். என் கணவரின் தங்கை, அண்ணன் வாயும் இவள் வாயும் ஒரே அச்சு. ஆனால் இவள் கேலி செய்யவில்லை. சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “பெல்லு குடுத்தாங்களே அண்ணி, நீ ஏன் அமுக்கல?” என்று கேட்டாள்.

“அமுக்கினேன்டி. யாரும் வரலை.”

“எந்தக் கைல குடுத்தாங்கோ?”

வலது கையைக் காட்டினேன். அவள் பாத்திரம் கழுவுகிற ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கையில் வைத்து, பிழியச் சொன்னாள். பிழிந்தேன். என் மனசுக்கு முழு பலத்தோடு பிழிவதாகத்தான் இருந்தது. ஸ்பாஞ்சிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை.

“இன்னா அநியாயம் அண்ணி இது! வேல செய்யாத கைல பெல்லக் குடுத்துட்டு, நீ கூப்டலன்னு பேசிகினு கீறாங்களா?” என்று அவள் கத்தினாள்.

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இரண்டில் கோபத்தை வைத்துக்கொண்டேன். நான் கூப்பிட்டேன், அவர்களுக்குத்தான் கேட்கவில்லை. இத்தனை நாளாக அவமானப்பட்டுக்கொண்டிருந்தது எதற்காக?

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். என் பார்லரிலும் படுக்க வைத்து, முகம் முழுக்க ஃபேஸ் பேக் பூசி, கண்ணில் ரோஸ் வாட்டர் பஞ்சு வைத்து, அசையாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒருவர்கூட அலறியதில்லை. ஏனென்றால் கண்ணை மூடிய ஆளிடம் எதையும் சொல்லாமல் செய்ய மாட்டேன். இப்போ ஜில்லுன்னு ஒன்று வைக்கிறேன், இப்போ கொஞ்சம் இழுக்கும், இன்னும் ஐந்து நிமிஷம் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன். தொழில் பழகிய நாளிலிருந்து அது கூடவே வந்த பழக்கம். முகத்துக்கு ஒரு பூச்சு பூசுவதற்கே இவ்வளவு சொல்கிறேன். என்னைக் குழாய்க்குள் தள்ளும்போது ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

மறுபடியும் அதே சென்டருக்குத்தான் போனேன். வேறு இடம் போகலாம் என்றார் கணவர், மாட்டேன் என்றுவிட்டேன். நாத்தனாரும் கூட வந்தாள். கைப்பையில் ஒரு டப்பா நிறைய பஞ்சு வட்டமும் ரோஸ் வாட்டரும் எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், மறுபடியும் நீங்களா என்பது போல ஒரு பார்வை பார்த்தாள். நான் எழுந்து நின்று, வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினேன்.

“எனக்கு மூடின இடம்னா பயம். வலது கைல தெம்பு இல்லை, அதுக்காகத்தான் இந்த ஸ்கேனே. போன தடவை அந்தக் கைல பெல் குடுத்தீங்க. நான் அமுக்கினேன், அமுங்கலை. இன்னிக்கு இடது கைல குடுங்க. உள்ள போறதுக்கு முன்னாடி அமுக்கிக் காட்டுறேன், கேக்குதான்னு சொல்லுங்க. இவ என் காலைப் பிடிச்சுக்கிட்டு உள்ள நிப்பா. ஒவ்வொரு சத்தம் வர்றதுக்கும் முன்னாடி மைக்ல சொல்லுங்க.”

“மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க” என்று கணவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “பாக்கட்டும்” என்றேன்.

கூட ஆள் வரக் கூடாது என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். அப்புறம் என் வலது கையைப் பார்த்தாள். அதைத் தூக்கித் தன் விரலை வைத்து, “அமுக்குங்க” என்றாள். அமுக்கினேன். அவள் முகம் மாறியது. “இதை நான் அன்னிக்கே பாத்திருக்கணும்” என்று மெல்லச் சொன்னாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்றாள்.

அங்கேதான் வேடிக்கை. நாத்தனார் புடவை மடிப்பிலிருந்து ஒரு ஊக்கு, தோளிலிருந்து ஒன்று, தாலிக்கயிற்றிலிருந்து கொத்தாகச் சில, கொண்டையிலிருந்து கொண்டை ஊசிகள் என்று எடுத்துக்கொண்டே இருந்தாள். “ஊக்குக் கடையே வச்சிருக்கீங்களா?” என்று அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். “அவசரத்துக்கு வேணுமே மேடம், யாருக்குனா அறுந்துச்சுன்னா?” என்றாள் இவள். கடைசியில் இரண்டு பேருடைய தாலி, தோடு, ஊக்கு எல்லாவற்றையும் கர்சீப்பில் மூட்டை கட்டிப் பிடித்துக்கொண்டு என் கணவர் உட்கார்ந்தார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, திருப்தியாகவும் இருந்தது.

இடது கையில் உருண்டை வந்தது. அமுக்கினேன். அடுத்த அறையில் மணி அடித்தது என் காதுக்கே கேட்டது. கண்ணில் பஞ்சை நானே வைத்துக்கொண்டேன். பாதத்தை நாத்தனார் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நான் இங்கயே கீறேன் அண்ணி. உன் காலு என் கைல கீது.”

உள்ளே போனேன். “இப்ப டக் டக்னு வரும், ரெண்டு நிமிஷம்” என்று மைக்கில் குரல் வந்தது. சொன்ன மாதிரியே வந்தது, நின்றது. “அடுத்தது கொஞ்சம் பெரிய சத்தம்.” அதுவும் வந்து நின்றது. மூன்றாவதில் பழைய கதை தலைதூக்கியது. நெஞ்சு அடைத்தது, வேர்த்தது, பஞ்சைத் தட்டிவிட்டுக் கண்ணைத் திற என்று உள்ளுக்குள் ஏதோ பிடுங்கியது. இடது கையிலிருந்த உருண்டையை அமுக்கினேன்.

சத்தம் உடனே நின்றது. பலகை வெளியே வந்தது. கதவு திறந்தது.

அமுக்கினேன், வந்தார்கள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கூண்டைக் கழற்றியதும் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். இனி அவ்வளவுதான் என்று நினைத்தாரோ என்னவோ, மூட்டையோடு கணவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். “இன்னும் முடியலை, போய் உட்காருங்க” என்றேன். அந்தப் பெண்ணிடம், “திரும்பப் போடுங்க, பஞ்சை மட்டும் இன்னொரு தடவை நனைச்சுக்கிறேன்” என்றேன். அசைந்த அந்த ஒரு பகுதியை மட்டும் மறுபடி எடுத்தால் போதும் என்றாள். அதற்கப்புறம் பயம் வராமல் இல்லை. கடைசி வரைக்கும் என்னோடுதான் படுத்திருந்தது. ஆனால் இடது கையில் மணி இருந்தது, அமுக்கினால் வருவார்கள் என்று தெரிந்ததால் அமுக்கவில்லை.

வெளியே வந்து தோட்டைத் திருகிக்கொண்டிருந்தபோது, அடுத்துப் போக வேண்டிய ஆள் பக்கத்தில் வந்து நின்றார். ஆறடி உயரம், முறுக்கு மீசை. திறந்திருந்த கதவு வழியாக என் பஞ்சைப் பார்த்திருப்பார் போல, மனைவிக்குக் கேட்காத குரலில், “மேடம், அந்தப் பஞ்சு இன்னும் கீதா?” என்றார். டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டு, எந்தக் கையில் தெம்பு இருக்கிறது என்று பார்த்து அந்தக் கையில் பெல்லைக் கேட்டு வாங்கச் சொன்னேன்.

கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கிற தட்டு விலகி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையும் பயிற்சியுமாகச் சமாளித்தார்கள். ஆவணியில் முதல் முகூர்த்தத்தை இன்னொரு பார்லருக்கு விட்டுக்கொடுத்தேன், வருத்தம்தான். கடைசி முகூர்த்தத்துக்குள் நூல் என் விரலில் நின்றது. அந்த மணப்பெண்ணுக்கு இரண்டு புருவமும் ஒரே மாதிரி அமைந்தபோது, அவளுக்குப் பதிலாக நான்தான் கண்ணாடியைப் பார்த்து அழுதேன்.

லிப்டில் இன்றைக்கும் நான் ஏறுவதில்லை, சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஆனால் கதவு சாத்துகிற எந்த இடத்துக்குள் போவதாக இருந்தாலும், நான் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்குமா என்று முதலிலேயே உரக்கக் கேட்டுவிடுகிறேன், அப்படிக் கேட்பதில் எனக்குத் துளிகூட வெட்கம் இல்லை.